குப்பை மேட்டில் கிடைத்த சரித்திரம்

ஒரு வீட்டில் நேற்று என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள அடுப்பங்கரைக்குள் நுழைய வேண்டியதில்லை. கொல்லைப்புறக் குப்பையைப் பார்த்தால் போதும். மீன் முள் கிடந்தால் மீன் குழம்பு. கோழி எலும்பு கிடந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்!

இந்தச் சின்ன விஷயத்தைக் கொண்டே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் வாழ்க்கையைக் கண்டுபிடித்தார் ஒரு பேராசிரியர். அவர் பெயர் யாபெடுஸ் ஸ்டீன்ஸ்ட்ரூப்.

1813-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் பிறந்தவர். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். கடலில் வாழும் ராட்சதக் கணவாய் கட்டுக்கதை அல்ல, உண்மையான பிராணியே என்று 1857-ல் எடுத்துக் காட்டியவரும் இவர்தான்.

சிப்பி மேடுகள்

டென்மார்க்கின் கடற்கரையில் ஆங்காங்கே சிப்பி மேடுகள் இருந்தன. சில மேடுகள் நூறு மீட்டருக்கு மேல் நீளம். கடல் ஒதுக்கிய சிப்பிகள் என்றே பலரும் நினைத்தார்கள்.

1848-ல் இதை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. பூமியை ஆராயும் ஃபோர்க்ஹாமர், பழம்பொருள் ஆராய்ச்சியாளர் வோர்சோ, ஸ்டீன்ஸ்ட்ரூப் ஆகியோர் அந்த மூவர்.

அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். சிப்பிகள் பெரும்பாலும் நன்றாக வளர்ந்தவை. குஞ்சுச் சிப்பிகள் அபூர்வம். கடல் ஒதுக்கியிருந்தால் பெரிதும் சிறிதும் கலந்தல்லவா கிடக்கும்? கூடவே அடுப்புக் கரி இருந்தது. கல் ஆயுதங்கள் இருந்தன. மான், காட்டுப்பன்றி எலும்புகளும் இருந்தன. நல்லி எலும்புகள் மஜ்ஜைக்காக உடைக்கப்பட்டிருந்தன.

சந்தேகம் தீர்ந்தது. அது கடல் செய்த மேடு அல்ல. மனிதர்கள் தின்று எறிந்த குப்பை!

காணாமல் போன எலும்புகள்

ஆனால் ஸ்டீன்ஸ்ட்ரூப்பின் மனத்தில் ஒரு கேள்வி உறுத்தியது. பறவைகளின் கால், இறக்கை எலும்புகள் ஏராளமாகக் கிடந்தன. மற்ற எலும்புகளைப் போல் அவை சுமார் 20 மடங்கு இருந்தன. மென்மையான எலும்புகளைக் காணோம். அவை எங்கே போயின?

அவர் ஒரு யோசனை செய்தார். சில நாய்களை அடைத்து வைத்து அவற்றுக்கு எலும்புகளைப் போட்டார். நாய்கள் தின்றவை எவை, விட்டவை எவை என்று கவனித்தார்.

என்ன ஆச்சரியம்! நாய்கள் விட்ட எலும்புகள்தான் மேட்டில் கிடந்தன. நாய்கள் தின்ற எலும்புகள்தான் மேட்டில் இல்லை.

அந்த மக்கள் நாய் வளர்த்தார்கள் என்பது புலப்பட்டது. நாயைத் தவிர வேறு வளர்ப்புப் பிராணி எதுவும் அவர்களிடம் இல்லை. மாடு இல்லை, ஆடு இல்லை. வேட்டையும் மீன்பிடிப்பும்தான் அவர்கள் பிழைப்பு.

பறவை எலும்புகளும் கதை சொல்லின. காட்டு அன்னம் டென்மார்க்குக்குக் குளிர்காலத்தில் வரும் பறவை. அதன் எலும்பு கிடந்ததால், குளிர்காலத்திலும் மக்கள் அங்கே தங்கினார்கள் என்று தெரிந்தது. பறக்க முடியாத பெரிய ஆக் என்ற கடற்பறவையின் எலும்பும் கிடைத்தது. அந்த இனமே 1844-ஐ ஒட்டி உலகிலிருந்து அழிந்துவிட்டது.

நண்பருடன் வாதம்

டென்மார்க்கில் பெரிய பாறைகளை அடுக்கிக் கல்லறை கட்டிய மக்களும் முற்காலத்தில் வாழ்ந்தார்கள். அவர்கள் ஆடு மாடு வளர்த்தவர்கள். சிப்பி தின்ற மக்கள் அவர்களுக்கும் முந்தியவர்கள் என்றார் வோர்சோ. இல்லை, இருவரும் ஒரே மக்கள்தான் என்று வாதாடினார் ஸ்டீன்ஸ்ட்ரூப்.

வோர்சோ 1885-ல் காலமானார். 1893 முதல் 1897 வரை எர்டெபோல என்ற இடத்தில் ஒரு பெரிய மேடு தோண்டப்பட்டது. வோர்சோ சொன்னதே சரி என்று ஆயிற்று. அந்த 1897-லேயே ஸ்டீன்ஸ்ட்ரூப்பும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 84.

இதில் ஒரு விந்தை உண்டு. மேட்டில் வளர்ப்பு மாட்டின் எலும்பு இல்லை என்று காட்டியவர் ஸ்டீன்ஸ்ட்ரூப்தான். அவர் பொறுக்கி எடுத்த எலும்புகளே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன!

ஆனாலும் அவர் காட்டிய வழி நிலைத்தது. எர்டெபோல மக்கள் வாழ்ந்து 6,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று இன்று கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுடைய எலும்புகளையே ரசாயன முறையில் சோதித்து, கடல் உணவை நிறையத் தின்றவர்கள் என்றும் கண்டிருக்கிறார்கள்.

அரசர்கள் கல்லில் வெட்டி வைத்ததுதான் சரித்திரம் என்று எண்ணிய உலகத்துக்கு, ஏழை எளியவர் சாப்பிட்டுப் போட்ட மிச்சமும் சரித்திரம்தான் என்று காட்டினார் ஸ்டீன்ஸ்ட்ரூப். அவருக்கு அதில் துணை நின்றவை நாலைந்து நாய்களின் பற்கள்!