ஹார்வி குஷிங்: அறுவை நோயாளியை இடைவிடாது கவனிக்கக் கற்பித்தவர்

அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியின் கட்டிலருகே, நாடித் துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பதிவு செய்யும் தாள் ஒன்றைப் பராமரிப்பாளர்கள் கண்டிருப்பர். சில மருத்துவமனைகளில் அதன் இடத்தைக் கணினித் திரை பிடித்துள்ளது. எதுவாயினும், அதை எழுதவும் படித்துப் பொருள் காணவும் இளம் மருத்துவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. இவ்வழக்கத்தை அறுவை அரங்கிற்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங். நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்குத் தோன்றும் குஷிங் நோய்க்குறியின் வழியாகப் பலர் அவர் பெயரைக் கேட்டிருக்கலாம்.

குஷிங் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்தாவது குழந்தை. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் மூவரும் மருத்துவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், 1891இல் பாஸ்டனிலுள்ள ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. அப்பணி பெரும்பாலும் மாணவர்களிடம் விடப்பட்டது. ஒரு நாள், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் குஷிங்கை அழைத்து, ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுக்கப் பணித்தனர். அதுவரை அவர் எவருக்கும் ஈதர் கொடுத்ததில்லை, கற்றுக்கொடுத்தவரும் இல்லை. நோயாளிக்குக் குடலிறக்கம் இறுகி அடைபட்டிருந்தது. முந்தைய இரவு முழுவதும் வாந்தி எடுத்திருந்தார். அறுவை தொடங்கியதும் வயிற்றிலிருந்த நீர்மம் வாய்வழியே பொங்கி நுரையீரலுக்குள் சென்றது. நோயாளி அங்கேயே உயிரிழந்தார். தன் கையால் ஓர் உயிர் போயிற்று என்று குஷிங் நடுங்கி நின்றார். சூழ இருந்தோரோ, இது அடிக்கடி நிகழ்வதுதான், மறந்துவிட்டுப் படிப்பைத் தொடர்க என்று கூறி அனுப்பினர். அவர் படிப்பைத் தொடர்ந்தார். ஆனால் அதை மறக்கவில்லை என்று பிற்காலத்தில் எழுதியுள்ளார். (அறுவைக்கு முன் உணவு உண்ணக் கூடாது என்று இன்று வலியுறுத்துவதன் காரணமும் இதுவே. நோயாளி இரக்கத்தைத் தூண்டும் வகையில் கேட்டாலும், மருத்துவர் குறித்த நேரத்திற்குப் பின் எதையும் கொடுக்காதீர்கள்.)

பின்னர் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் குஷிங்கும் அவருடைய உடன்பயின்ற எர்னஸ்ட் காட்மனும், யார் பாதுகாப்பாக மயக்க மருந்து கொடுப்பது என்று தமக்குள் போட்டியிட்டனர். 1894இல், அறுவை நடக்கும்போதே நாடித் துடிப்பையும் சுவாசத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரைபடத்தாளில் குறிக்கத் தொடங்கினர். எளிய செயல்தான். ஆயினும் தாளில் எழுத வேண்டும் என்ற கட்டாயமே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வைத்தது. துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் ஆபத்து முற்றுவதற்கு முன்பே கண்ணில் பட்டன.

1896இல் அவர் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அறுவைத் துறைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட், இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பல ஆண்டுகள் படிப்படியாகப் பொறுப்பேற்றுப் பயிலும் முறையை நடத்திவந்தார். இன்று பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் இரவும் பகலும் விடுதிப் பிரிவுகளில் பணியாற்றுவது அம்முறையின் தொடர்ச்சியே.

1900இல் ஐரோப்பா சென்ற குஷிங், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஆய்வு செய்தார். மண்டையோட்டுக்குள் அழுத்தம் மிகும்போது உடலின் இரத்த அழுத்தமும் உயர்வதை அங்கு விலங்குகளில் ஆராய்ந்து விளக்கினார். இரத்த அழுத்தம் உயர்ந்து, நாடி மெதுவாகி, சுவாசம் ஒழுங்கு தவறினால் மூளை நெருக்கப்படுகிறது என்று மருத்துவர்கள் இன்றும் ஐயுறுவர். தலையில் அறுவை செய்துகொண்டவரை உறங்கவிடாமல் செவிலியர் மீண்டும் மீண்டும் சோதிப்பது உறவினர்களுக்கு வருத்தமளிக்கலாம். இம்மாற்றத்தை முன்னரே பிடிப்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர்.

1901இல் இத்தாலியின் பாவியா நகரில், ரிவா-ரோச்சி உருவாக்கிய கைப்பட்டை இரத்த அழுத்தமானியைக் கண்டார். அதை வரைந்துகொண்டு, ஒரு மாதிரியையும் பெற்று அமெரிக்கா திரும்பினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மயக்க மருந்துத் தாளில் இரத்த அழுத்தமும் இடம்பெற்றது. 1903இல் பாஸ்டன் மருத்துவர்களிடம் இதை எடுத்துரைத்தபோது வரவேற்பு குறைவே. ஆராய்ந்த ஹார்வர்டு குழு, பழகிய விரலால் நாடி பார்ப்பதே மேல் என்று முடிவு செய்தது. அக்குழுவினரைக் குறைகூறுவது எளிது. அனுபவமிக்க விரல் அறிவது அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் அவ்விரல் ஒருவருக்கே உரியது. எண்ணாக எழுதியதை அடுத்த முறைப் பணிக்கு வரும் மருத்துவரும் படிக்கலாம்.

1912இல் பாஸ்டனுக்கே திரும்பி, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் அறுவைத் துறைத் தலைவரானார். மூளைக்கட்டி அறுவை அன்று பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. அவர் கைகளில் இறப்பு பத்தில் ஒன்று என்ற அளவிற்குக் குறைந்தது. நோயாளியின் நிலை தாளில் சரிவதைக் கண்டால் அறுவையைப் பாதியில் நிறுத்தி, மற்றொரு நாள் தொடர்வார். இரத்தப்போக்கை அடக்க வெள்ளிக் கவ்விகளையும், 1926 முதல் மின்கத்தியையும் பயன்படுத்தினார். முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு மூன்றே மாதங்களில், தலைக்காயம் பட்ட வீரர்களின் இறப்பைப் பாதிக்கு மேலிருந்து ஏறத்தாழ 29 விழுக்காட்டிற்குக் குறைத்தார். போரின் இறுதியில் நரம்பு நோயால் கைகால் தளர்ந்து அவரே படுக்கையில் கிடந்தார்; கால்கள் பின்னர் முழுமையாகத் தேறவில்லை.

ஆசிரியராக அவர் கடுமையானவர். உதவி மருத்துவர்களைச் சுடுசொல்லால் வாட்டினார். கண்டிப்பின்றிப் பயிற்சி இல்லை என்று அந்நாளில் நம்பினர். அவமதிப்பு கற்பிக்கும் என்று நான் கருதவில்லை. மாணவர்கள் அவரிடம் கற்றது அவர் செயலைக் கண்டுதான். அறுவை முடிந்ததும் ஓய்வெடுக்கச் செல்லாமல், செய்ததை வரைந்தும் எழுதியும் வைப்பார். காயக்கட்டைத் தாமே மாற்றுவார். அறுவையும் அதன்பின் கவனிப்பும் ஒரே மருத்துவரின் பொறுப்பு என்பது அவர்களுக்கு விளங்கியது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவரிடம் பயின்ற வால்டர் டான்டி, பின்னர் அவரோடு கடும் பகை கொண்டவர். ஆயினும் 1923இல் அதே மருத்துவமனையில், மூளை அறுவை செய்துகொண்டு ஆபத்தான நிலையில் இருப்போருக்கென மூன்று படுக்கைகள் கொண்ட தனிப்பகுதியைத் தொடங்கியவர் அவரே. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் முன்னோடிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

குஷிங் 1939 அக்டோபர் 7 அன்று நியூஹேவனில் மாரடைப்பால் காலமானார். உடற்கூறாய்வில் அவர் மூளையிலேயே சிறு நீர்க்கட்டி ஒன்று இருந்தது தெரியவந்தது. பிரிகாம் மருத்துவமனையில் அவரிடம் பயிற்சி பெற்ற வைல்டர் பென்ஃபீல்டு, கனடாவின் மான்ட்ரியலில் நரம்பியல் நிறுவனம் அமைத்தார். அங்குப் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி, இந்திய மருத்துவர்களுக்கு அப்பயிற்சியை அளித்தார்.