வேலை தேடிய இராமானுஜன்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

கணிதமேதை இராமானுஜன் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கேம்பிரிட்ஜும், இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்ற பெருமையும், 1729 என்ற எண்ணுமே. அவர் பெயரைக் கேட்டாலே கணித மாணவர்களாகிய நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஆனால் அவருடைய வாழ்வில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. 1907-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1912-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அவருக்குப் பட்டமும் இல்லை, பணியும் இல்லை. அந்த நான்கு ஆண்டுகளும் அவர் எப்படி உண்டார்? யார் செலவில் உண்டார்? கணக்குப் போடக் காகிதம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது?

இக்கேள்விகளை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கூலி வேலை. அதுவும் கிடைக்கும் நாளில் மட்டும். அம்மா தையல் இயந்திரத்தில் ரவிக்கை தைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். கணக்குப் படித்து எந்த வேலைக்குப் போகப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஆதலால் இராமானுஜனின் வரலாற்றைப் படித்தபோது, அவருடைய சூத்திரங்களுக்கு முன்னால் அந்த வீட்டு வரவு செலவுதான் என் கண்ணில் பட்டது.

கும்பகோணத்து வீடு

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அது வீட்டுக்குப் போதவில்லை. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல் பாடிச் சில ரூபாய்கள் கொண்டுவந்தார். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்; அவர்கள் ஆளுக்கு 10 ரூபாய் கொடுத்தனர். ஆக, ஒரு சம்பளத்தை மட்டும் நம்பி அந்த வீடு நிற்கவில்லை. தந்தையின் கணக்கு நோட்டு, தாயின் குரல், அடுப்பங்கரை உழைப்பு என்று மூன்று கால்களில் நின்றது.

உதவித்தொகை போயிற்று

நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் வாங்கிய இராமானுஜன், 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். இன்று அது அரசு கலைக் கல்லூரி. ஏற்கெனவே காரின் கணித நூல் அவர் கைக்கு வந்துவிட்டது. கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. கல்லூரிக் கட்டணமோ பருவத்துக்கு 32 ரூபாய். அதாவது தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்! உதவித்தொகை இன்றி அவ்வீட்டால் அதைக் கட்ட இயலுமா? 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தில் ஒளிர்ந்து, ஏனைய பாடங்களில் விழுந்தார். 1907-இல் தனித்தேர்வராக எழுதினார். அப்போதும் தோல்விதான். இருபது வயது, கையில் மெட்ரிகுலேஷன் மட்டுமே. என் வயது அது.

வேலையற்ற ஆண்டுகள்

மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுக்க முயன்றார். மாதம் 7 ரூபாய்க்கு ஒரு மாணவருக்குக் கற்பித்தார். ஆனால் தேர்வுக்கு வேண்டிய கணக்கோடு அவரால் நிற்க முடியவில்லை. பாடப்புத்தகத்தைத் தாண்டி எங்கோ போய்விடுவார். அந்த வழியில் குடும்பம் நடத்தும் அளவுக்கு வருவாய் வரவில்லை.

வீட்டில் உலை ஏறாத நாள்களும் உண்டு. அப்போது பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் நண்பகலில் அவரை அழைத்துச் சோறு போட்டார். சென்னைக்கு வந்தால் நண்பர்களின் அறையில் தங்குவார், அவர்களோடு உண்பார். காகிதம் வாங்க வழியின்றிப் பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தார். விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அவருடைய நோட்டுகளில் நிரூபணங்கள் அரிதாக இருப்பதற்கு இந்தக் காகிதப் பஞ்சமும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. வறுமை ஒரு மேதையின் எழுத்து முறையைக்கூட மாற்றிவிட்டது பாருங்கள்!

1909 ஜூலையில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகி, பத்து வயதுச் சிறுமி. அடுத்த ஆண்டு ஜனவரியில் விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லை. குப்புசாமி என்ற மருத்துவர் காசு வாங்காமல் செய்து முடித்தார். கடை முதலாளி, கல்லூரி, தேர்வு மன்றம் எல்லாம் கைவிட்ட இடத்தில் ஒரு கிழவியும் ஒரு வைத்தியரும் சில நண்பர்களும் தாங்கிப் பிடித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

நோட்டும் கையுமாக

உடல் தேறியதும் இராமானுஜன் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் அவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது ஆராய்ச்சி நிதி அன்று. தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை! நோட்டைப் பார்த்த ஐயருக்கு, அந்த அறிவை ஒரு மூலையில் அடைத்து வைக்க மனம் வரவில்லை. பரிந்துரைக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக, நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-இல் பெர்னௌலி எண்கள் பற்றிய முதல் ஆய்வுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் வந்தது, நேரமும் இருந்தது. ஆயினும் நெடுநாள் ஒருவருக்குச் சுமையாக இருக்க இராமானுஜன் விரும்பவில்லை. மீண்டும் வேலை தேடினார். 1912 ஜனவரியில் தலைமைக் கணக்கர் அலுவலகத்தில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் தற்காலிகப் பணி செய்தார். பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரைத்தார். மார்ச் 1 முதல் எழுத்தர் வேலை. சம்பளம் 30 ரூபாய்.

முப்பது ரூபாய்

அந்த முப்பது ரூபாயை நாம் சிறிதாக எண்ணலாம். மேதையைக் கணக்கெழுத வைத்தார்களே என்று வருந்தலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சம்பளம் வந்த பிறகுதான் தாயும் மனைவியும் அவரோடு சென்னையில் வந்து வாழ முடிந்தது. அந்த அலுவலகத்தில்தான் தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றார்கள். அங்கே எழுத்தராக இருந்தபோதுதான் 1913 ஜனவரி 16-ஆம் நாள் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம் சிறிய ஊதியத்தையும் அதில் மறைக்காமல் குறிப்பிட்டார். அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை, 1914-இல் கப்பல் பயணம், 1918-இல் இராயல் சங்க உறுப்பினர் சிறப்பு எல்லாம் நாம் அறிந்தவை. இங்கிலாந்துக்குப் போகும்போதும் வீட்டை அவர் மறக்கவில்லை. தம் உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டே கப்பலேறினார்.

மீந்த பணம் யாருக்கு?

1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில், பல்கலைக்கழகம் தமக்கு ஒதுக்கிய ஆண்டுக்கு 250 பவுன் குறித்து அவர் பதில் எழுதினார். அது தம் தேவைக்கு மிகுதி என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும், தம் செலவும் போக, எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுமாறு வேண்டினார். கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை இழந்தவர் அல்லவா? பதினைந்து மாதங்கள் கழித்து, 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார். ஜானகி அம்மாளுக்குப் பல்கலைக்கழகம் தந்த மாத ஓய்வூதியம் 20 ரூபாய். அவர் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்தும் கற்பித்தும் தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். ஊசியும் நூலும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பதை எனக்கு யாரும் நிரூபித்துக் காட்டத் தேவையில்லை.

நண்பர்களே! நாம் இராமானுஜன்கள் அல்லோம். நம் எல்லோருக்கும் ஓர் இராமச்சந்திர ராவ் கிடைப்பார் என்று சொல்லவும் முடியாது. திறமை இருந்தால் பசி தானே நீங்கும் என்று இவ்வரலாறு கூறவில்லை. சிறு வருவாய்கள் பலவற்றைச் சேர்த்துப் பிடித்த தாய், சோறு போட்ட அண்டை வீடு, கேட்பதற்கு நாணாத மகன், சிறிய வேலை என்று ஒதுக்காத மனம் ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த நான்கு ஆண்டுகளைக் கடத்தின. வேலை இல்லாதபோதும் அவர் ஒருநாளும் உழைப்பு இல்லாமல் இருக்கவில்லை.

நம் வகுப்பிலும் கட்டணத்தாலோ, வீட்டு நிலையாலோ சொல்லாமல் நின்றுவிடும் மாணவர் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் அடிக்கப்படும் முன், உதவித்தொகை விண்ணப்பத்தோடு நம்மில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் வருவோம்.