கொள்ளிடத்தைக் கட்டிய கோடு

சோழவள நாட்டின் செழிப்பைப் பாடாத புலவர் இல்லை. ஆயினும் அச்செழிப்பு ஆட்டங்கண்ட காலமும் ஒன்று உண்டு. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், தாழ்ந்த படுகையும் மிகுந்த சரிவும் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றுநீரின் பெரும்பங்கு கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடியது. காவிரியோ மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. அந்நிலையை மாற்றிய சர் ஆர்தர் காட்டனின் வரலாற்றை, காவிரிச் சோறுண்டு வளர்ந்த புவியியல் மாணவன் என்ற முறையில் எழுத விழைகிறேன்.

1803 மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், இராணுவப் பொறியாளராகி 1821இல் சென்னை மாகாணம் வந்தார். 1828 முதல் காவிரியை ஆராய்ந்தார். கல்லணையே அவருக்கு ஆசானாயிற்று. ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் இடும் கலையை நம் முன்னோரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன.

காவிரியில் நீர் பெருகியது. அளவுக்கு மிஞ்சியும் பெருகியது. அதனால் மேலணையின் நடுப்பகுதியைச் சற்றுத் தணிக்க நேர்ந்தது. சுவரின் உச்சி ஓரிரு அடி ஏறினாலும் இறங்கினாலும் ஒரு மாவட்டத்தின் விளைச்சலே மாறும் என்பதை நாடு அறிந்தது. இந்த அடிக்கணக்கைச் சொல் மட்டும் காட்டாது. அளவிட்ட வரைபடமே காட்டும். 1856இல் பேர்டு ஸ்மித் என்னும் பொறியாளர், காவிரி, கிருஷ்ணா, கோதாவரி அணைகள் பற்றிய அறிக்கையை வரைபடங்களுடன் லண்டனில் நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் பெரிய வரைபடங்களைத் தனித்தாளில் அச்சிட்டு, மடித்து, நூலோடு சேர்த்துத் தைப்பது வழக்கம். நூலின் அளவு சிறிதென்று கோட்டைச் சிதைக்கவில்லை, தாளைப் பெரிதாக்கினர்.

காட்டன் 1847இல் தொடங்கிய கோதாவரி தவளேசுவரம் அணை 1852இல் முடிந்தது. 1861இல் சர் பட்டம் பெற்றார். 1899 ஜூலை 24ஆம் நாள் தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

கலைக்கல்லூரி மாணவனுக்கு வரைபடத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நாமும் கணினியில் ஆய்வேடு தயாரிக்கிறோம். அணையின் வரைபடத்தைத் திரையிலிருந்து படம்பிடித்து ஒட்டினால் அது வெறும் புள்ளிக்கூட்டமாகும்; பெரிதாக்கினால் எண்கள் மங்கும். வெக்டர் எனப்படும் கோட்டுருவிலேயே சேர்த்துப் பி.டி.எப். ஆக்கினால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மை குன்றாது. ஆயினும் தாளில் சுருங்கும்போது நுண்கோடுகள் நெருங்கி ஒன்றாகும். ஆகவே தேவையற்றவற்றை நீக்கி, கோட்டின் தடிப்பையும் எழுத்தின் அளவையும் தாளுக்கேற்ப அமைத்தல் வேண்டும். அளவுகோலையும் மறவாது சேர்க்க வேண்டும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்தன. எத்தனை உறுதியான கட்டடமும் ஒருநாள் தளரும். மீண்டும் எழுப்ப வருவோர்க்குத் தெளிவான அளவுகளை விட்டுச் செல்வதே நம் கடமை. மாணவ நண்பர்களே, நாம் தீட்டும் ஒவ்வொரு கோடும் நாளை ஒருவர் படித்தறியும்படி இருக்கட்டும்!