உப்பையும் பசையையும் பிரித்த மேதை

ராணிப்பேட்டை தோல் தொழிலாளர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். உப்புப் போட்டு வந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால், உப்பு சீக்கிரமே வெளியே வந்துவிடும். ஆனால் ஆவாரம்பட்டைச் சாறு தோலுக்குள் ஏற வேண்டுமானால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை கண்டவர் ராணிப்பேட்டையைப் பார்த்ததே இல்லை. அவர் ஸ்காட்லாந்துக்காரர். பெயர், தாமஸ் கிரகாம்.

தந்தையின் கோபம்

1805-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி கிளாஸ்கோ நகரில் கிரகாம் பிறந்தார். தந்தை ஜவுளி உற்பத்தியாளர், வசதி படைத்தவர். மகனைப் பாதிரியார் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ ரசாயனத்தின் மீது தீராத மோகம்.

தந்தைக்குக் கோபம் வந்தது. பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

பெற்ற தாய்க்கு மனம் கேட்குமா? அவர்தான் மகனுக்குக் கைகொடுத்தார். பாடம் சொல்லிக் கொடுத்தும், கட்டுரை எழுதியும் கிரகாம் காலந்தள்ளினார். 1830-ல் கிளாஸ்கோவிலேயே பேராசிரியர் ஆனார். 1837-ல் லண்டன் பல்கலைக் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது.

1855-ல் அரசாங்க நாணயச் சாலையின் தலைவர் பதவி கிடைத்தது. ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பதவி அது. வேறொருவராக இருந்தால் அதோடு ஓய்ந்திருப்பார். கிரகாம் மறுபடியும் சோதனைச் சாலைக்குள் நுழைந்தார்.

மிதக்கும் வளையம்

ஒரு வளையம். அதன் அடியில், சல்லடைக்கு வலை கட்டுவது போல, தோல் மாதிரியான ஒரு தாளை இழுத்துக் கட்டினார். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உப்பும் கோந்தும் கலந்த நீரை உள்ளே ஊற்றினார்.

உப்பு தாளைக் கடந்து கீழே இறங்கியது. கோந்து மேலேயே தங்கிவிட்டது!

சர்க்கரை இறங்கியது. மாவுப் பசை இறங்கவில்லை. தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருளும் மிக மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆவாரம்பட்டையின் தாமதத்துக்குக் காரணம் இதுதான். அதன் துகள்கள் பெரியவை.

இப்படித் தயங்கி நிற்பவற்றுக்குக் கிரேக்க மொழியில் பசை என்று பொருள்படும் சொல்லிலிருந்து ‘கொலாய்டு’ என்று பெயரிட்டார். பிரிக்கும் முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்று பெயர் வைத்தார். ஆண்டு 1861. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்று ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களே, அதே டயாலிசிஸ்தான்.

உலோகச் சுவர்

1866-ல் இன்னொரு அதிசயம். பல்லேடியம் என்ற உலோகத்தைச் சூடாக்கினால், ஹைட்ரஜன் வாயு மட்டும் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மற்ற வாயுக்களுக்கு வழியில்லை.

ஆள் பார்த்து வழிவிடும் இத்தகைய சுவரை இப்போது ரசாயனக் கலத்துக்குள்ளேயே வைக்க முயல்கிறார்கள். வேண்டிய சரக்கு பிறந்த உடனேயே சுவர் வழியாக வெளியேறிவிட்டால், அது மேலும் கிளறப்பட்டு வேறு பொருளாகி வீணாகாது. குறுக்கே நிற்கும் தண்ணீரை மட்டும் வெளியேற்றினாலும் வேலை முன்னேறும். இதற்கு ஜியோலைட் என்ற நுண்துளைக் கல்லால் மெல்லிய சவ்வு செய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், ஒரு கூறில் ஏறத்தாழ பாதிதான் அதன் துளை! பெரிய ஆலைகளுக்கு இது இன்னும் பரவலாக வந்து சேரவில்லை.

பாலாற்றங்கரை

தோல் கழிவு நீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை வேலூர் மாவட்டம் மறக்காது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்பு வழங்கியது. இன்று ராணிப்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவு நீரை அழுத்தம் கொடுத்துச் சவ்வில் செலுத்துகிறார்கள். கிரகாமின் தாளில் உப்பு கடந்தது. இங்கே தண்ணீர் கடக்கிறது, உப்பு நின்றுவிடுகிறது. நின்ற உப்பை என்ன செய்வது என்பதுதான் தீராத தலைவலி.

கிரகாம் கடைசிவரை நாணயச் சாலைப் பதவியிலேயே இருந்தார். 1869-ம் ஆண்டு ஹைட்ரஜன் ஏற்றிய பல்லேடியத்தில் சிறு பதக்கங்கள் அடிக்கச் செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார்.