சொல்லுக்குப் பொருள் சொன்ன பண்டிதர்

நம் ஊர்ப் பெயரிலேயே சேரி இருக்கிறது. புதுச்சேரி என்றால் புதிய குடியிருப்பு. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி மட்டுமல்ல, கம்மாணச்சேரியும் உண்டு, ஈழச்சேரியும் உண்டு. பலருக்கும் பொதுவாக இருந்த அந்தச் சொல்லை நம்மீது மட்டும் இழிவாக ஒட்டிவிட்டார்கள். ஒரு சொல்லின் பொருளை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வியை எழுத்தில் ஏந்திப் போராடியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரையே பின்னர் தன் பெயராக்கிக்கொண்டார். தமிழ்ப் புலமையும் சித்த மருத்துவமும் அவரது இரு கைகள். இளமையில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். அத்வைதம் என்றால் இரண்டற்றது. எல்லா உயிரும் பிரம்மமே என்றால், மனிதரில் மேல் கீழ் ஏது?

தத்துவம் அப்படி, நடப்பு வேறு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களுக்கு ஆலய நுழைவு கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்ல என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தத் தெய்வங்களே வேண்டாம் என்றவர், பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டார்.

நம்மைப் பஞ்சமர் என்று அழைத்த காலம் அது. நான்கு வர்ணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஐந்தாமவர் என்பது அதன் பொருள். அந்த ஐந்தாம் இடத்தை மறுத்தவர், 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தை ஏற்றார். சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்.

1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். பிராமணர் என்பது பிறப்பால் வருவதல்ல, ஒழுக்கத்தால் அடையும் நிலை என்று அதில் எழுதினார். யதார்த்த பிராமணர் வேறு, வேஷ பிராமணர் வேறு என்று பிரித்தார். தம்மபதத்தின் கடைசி இயலும் பிறப்பைக் கொண்டு ஒருவரைப் பிராமணர் என ஏற்பதில்லை. இந்திரர் என்பதற்கு ஐம்புலன்களை வென்ற புத்தர் என்று பொருள் கண்டார். திருக்குறளும் மணிமேகலையும் நிகண்டுகளும் அவருக்குச் சான்றுகள்.

அவர் காட்டிய சொற்பிறப்புகள் எல்லாவற்றையும் மொழியியலார் ஏற்பதில்லை. நாமும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால், பொருள் சொல்லும் உரிமை ஒரு சாதியின் சொத்தல்ல என்று நிலைநாட்டினாரே, அதுதான் அவர் நமக்கு விட்டுச்சென்ற ஆஸ்தி. 1914 மே 5இல் அவர் மறைந்தார்.

கர்மம் என்றால் செயல். அதையே முன்பிறவிப் பாவமாக்கி, மலக்குழியில் இறங்குவது உன் தலைவிதி என்று இன்றும் சொல்லப்படுகிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைச் சட்டம் 2013இலேயே தடை செய்துவிட்டது. தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் எதையும், எழுதியது யார் என்று கேட்க நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.