ஒரே அளவுகோல்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நமது பெற்றோரில் பலர் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். தோலைச் சதுர அடிக் கணக்கில் விலை பேசுவார்கள் என்பதும், விற்பவரின் அடியும் வாங்குபவரின் அடியும் ஒன்றாயிராவிட்டால் வியாபாரம் சண்டையில் முடியும் என்பதும் நாம் வீட்டில் கேட்டு வளர்ந்த சங்கதி. அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்த எளிய நியாயத்தை மருத்துவப் படிப்பில் பெண்களுக்குப் பெற்றுத் தந்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றையும், அவர் நிறுவிய மருத்துவமனை இன்று தைராய்டு இரத்தப் பரிசோதனையில் அதே நியாயத்தை எவ்வாறு காத்து வருகிறது என்பதையும் இவ்வாண்டு மலருக்கு எழுத முற்பட்டோம்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் நாள் நமக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு வந்த மருத்துவர், தந்தையும் மருத்துவர். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் வேலூர்ப் பக்கத்தில் அவர்கள் பெயரை நன்றியோடு சொல்லாத வீடு எது?

சிறுமியாக இருந்தபோது பஞ்சத்தின் கொடுமையைக் கண்ணால் கண்டவர் ஐடா. அதனாலேயே இந்தியாவில் தங்கி ஊழியம் செய்ய மனமில்லாமல் அமெரிக்காவில் படித்தார். தாயார் நோயுற்றதால் 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரைக் கெஞ்சினார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. தந்தையை அனுப்புகிறேன் என்றால், ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுவது வழக்கமில்லை என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. ஐடாவின் மனம் மாறிற்று.

1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று மருந்து கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்; அதை இங்கே விரிக்கவில்லை.

நாங்கள் விரிக்க விரும்புவது 1918ஆம் ஆண்டை. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியை அம்மையார் திறந்தார். பெண்கள்தானே என்று எளிய பாடமும் தனித் தேர்வும் வைத்து, தாமே ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம். ஊரும் ஏற்றுக்கொண்டிருக்கும். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. சென்னை மாகாணத்தில் ஆண்கள் எழுதிய அதே அரசாங்கத் தேர்வைத் தம் மாணவியரும் எழுத வேண்டும் என்று நின்றார். அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. முதலாண்டுத் தேர்வின் முடிவு வந்தபோது, ஆண்களில் ஐவருக்கு ஒருவர் தேறியிருக்க, வேலூர் மாணவியர் பதினால்வரும் தேறியிருந்தார்கள்! வேறு அளவுகோலால் அளந்திருந்தால் இந்த வெற்றியை யார் மதித்திருப்பார்கள்?

1930களின் இறுதியில் அரசாங்கம் பழைய மருத்துவப் பட்டயப் படிப்பை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். பட்டமே வேண்டும் என்றது. கையில் பணமில்லை, வயதோ எழுபதை நெருங்கிற்று. அளவைக் குறைக்கும்படி அம்மையார் கேட்கவில்லை. அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் பட்டப் படிப்பு தொடங்கிற்று. 1946இல் ஓய்வு பெற்று, 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இனி தைராய்டு. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இச்சுரப்பி தைராக்ஸின் என்னும் ஹார்மோனைத் தருகிறது. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி மேஸ்திரியைப் போல. தைராய்டு சோம்பினால் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி வேலை வாங்கும். ஆகவே டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் அறியலாம். பிறந்த குழந்தையிடம் இக்குறையைச் சில வாரங்களுக்குள் கண்டு மருந்து தராவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். கர்ப்பிணித் தாய்க்குத் தரும் மாத்திரையின் அளவும் இந்த எண்ணைப் பார்த்தே தீர்மானமாகிறது. எண் பொய்த்தால் தாய்க்கும் சேய்க்கும் கேடு.

தைராக்ஸின் எளிய இரசாயனப் பொருள். தூய்மையாக்கித் தராசில் நிறுக்கலாம். ஆனால் இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்பது பதினாயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்குதான். அதை அளப்பது கடினம். டி.எஸ்.எச். அதைவிடச் சிக்கலானது. சர்க்கரைத் தொடர்கள் ஒட்டிய புரதமாகையால் ஒரே அச்சில் வார்த்தது போல் இராது. அதனால் மனித பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்ததைக் குப்பிகளில் உலர்த்தி அடைத்து, ஒரு குப்பியில் இத்தனை சர்வதேச அலகு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துவிடுகிறது. கருவி செய்பவர்கள் தங்கள் கருவியை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். குப்பிகள் தீரும் காலத்தில், பழையதோடு ஒப்பிட்டுப் புதியதை அளந்து வைப்பார்கள். இவ்வாறு மூன்றாம் தரம் 2003இல் நிறுவப்பட்டது.

அந்த அளவு நம் ஊர்ப் பரிசோதனை நிலையம் வரை சிதையாமல் வந்து சேர்கிறதா? இங்கேதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை வருகிறது. நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான பரிசோதனை நிலையங்களுக்கு அத்துறை மாதிரிகளை அனுப்புகிறது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று நிலையத்தாருக்குத் தெரியாது. அளந்து எழுதி அனுப்புவார்கள். மற்றவர்களிலிருந்து எவ்வளவு விலகினார்கள் என்று வேலூரிலிருந்து பதில் போகும். தேர்வுத்தாள் என்றே சொல்லலாம்! பெரிய நிலையம், சிறிய நிலையம் என்ற பாகுபாடு அந்தத் தாளில் கிடையாது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒரே இரத்தத்துக்குச் சற்று வேறு வேறு எண் காட்டுகின்றன. அதனால் ஒரே வகைக் கருவி உள்ளவர்களை ஒரு குழுவாக வைத்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது. இவ்வேற்றுமையைக் களைய சர்வதேச நிபுணர் குழு ஒன்று பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. அதுவரை, தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடும் நம் அம்மாக்களும் அத்தைமாரும் ஒரே பரிசோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய சீட்டையும் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டட்டும்.