கசாப்புக்கூடத்தின் கதவைத் திறந்தவர்

ஒரு நாவல் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றுமா? மாற்றியது! 1906-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த நாவல் புத்தகமாக வெளிவந்தது. ஜூன் மாதம் 30-ந் தேதி புதிய சட்டம் பிறந்துவிட்டது. நான்கே மாதங்கள்!

இது நடந்த இடம் அமெரிக்கா. நாவலை எழுதியவர் அப்டன் சிங்ளேர். அப்போது அவருக்கு வயது 27.

குடிசையும் மாளிகையும்

சிங்ளேர் 1878-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மது விற்கும் முகவர். விற்ற மதுவுக்கு அவரே அடிமையானார். அதனால் குடும்பம் வறுமையில் வாடியது. மூட்டைப்பூச்சி நிறைந்த வாடகை அறைகளில் அவர்கள் காலம் தள்ளினார்கள்.

ஆனால் தாயாரின் உறவினர்கள் பெரும் செல்வர்கள். சிறுவன் சிங்ளேர் சில நாட்கள் அந்த மாளிகைகளில் போய்த் தங்குவான். பிறகு பழைய அறைக்கே திரும்புவான். சிலருக்கு எல்லாம் இருக்கிறது, பலருக்கு ஒன்றும் இல்லையே, ஏன்? இந்தக் கேள்வி இளம் வயதிலேயே அவன் மனதில் விழுந்தது. அது கடைசி வரை அவரை விடவில்லை.

குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறியது. 14 வயதிலேயே சிங்ளேர் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகளும் சிறுவர்களுக்கான வீரக் கதைகளும் எழுதினார். அவருடைய பேனாவே அவருக்குச் சோறு போட்டது.

ஏழு வாரம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் இறைச்சித் தொழிலுக்குச் சிக்காகோதான் தலைநகரம். ஆடு, மாடு, பன்றிகள் ரெயிலில் வந்து இறங்கும். பிரம்மாண்டமான ஆலைகளில் அவை வெட்டப்படும். பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரெயில் பெட்டிகளில் ஏற்றி, இறைச்சியை நாடு முழுவதும் அனுப்புவார்கள். வெட்டுபவர் ஓர் ஊரில், சாப்பிடுபவர் ஆயிரம் மைலுக்கு அப்பால். நடுவில் என்ன நடக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

1904-ம் ஆண்டு அந்த ஆலைகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றுப் போனார்கள். "அப்பீல் டு ரீசன்" என்ற சோஷலிஸ்டு வாரப் பத்திரிகை அவர்களைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதும்படி சிங்ளேரைக் கேட்டது. 500 டாலர் முன்பணமும் கொடுத்தது.

சிங்ளேர் சிக்காகோ சென்றார். பழைய உடை உடுத்தினார். கையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். தொழிலாளியைப் போலவே ஆலைகளுக்குள் நடமாடினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஏழு வாரம் தொழிலாளர் குடியிருப்பில் தங்கி, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு நியூ ஜெர்சி மாநிலத்தில் பிரின்ஸ்டன் அருகே ஒரு சிறு மரக்குடிலில் உட்கார்ந்து கதையை எழுதினார். அதுதான் "தி ஜங்கிள்". பிழைப்புத் தேடி லிதுவேனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சிக்காகோ ஆலைகளில் சிக்கி அழிவதே கதை. கெட்டுப்போன இறைச்சியை மருந்து போட்டு மறைத்து விற்பது, எலிகள் ஓடும் தரையில் இறைச்சி கிடப்பது ஆகியவையும் அதில் வந்தன.

ஜனாதிபதி அனுப்பிய இருவர்

1905-ம் ஆண்டு கதை வாரந்தோறும் வெளிவந்தது. ஆனால் புத்தகமாகப் போட ஐந்து பதிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு நிறுவனம் முன்வந்தது. அதுவும் சிக்காகோவுக்குத் தன் ஆளை அனுப்பி, எழுதியது உண்மைதானா என்று விசாரித்த பிறகே அச்சிட்டது.

புத்தகம் நெருப்பைப் போலப் பரவியது. படித்தவர்கள் தங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே அஞ்சினார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் படித்தார். சிங்ளேரின் சோஷலிசக் கொள்கை அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் விஷயத்தை ஒதுக்கவில்லை. சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரை நேரில் பார்த்துவரச் சொன்னார்.

அவர்கள் அழுக்கு மரத்தரையையும், கழுவாத மேசைகளையும், அவற்றின் மேல் குவிந்த இறைச்சியையும் கண்டார்கள். தொழிலாளர்கள் கை கழுவக்கூட வசதி இல்லை. அந்த அறிக்கை ஜூன் மாதம் வெளியானது. அதன் பிறகு எதிர்ப்புகள் தளர்ந்தன. மாதக் கடைசியில் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார்.

சட்டம் சொன்னது என்ன?

ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகும் இறைச்சிக்கு இந்தச் சட்டம் பொருந்தியது. விலங்கை வெட்டுவதற்கு முன் சர்க்கார் இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்க வேண்டும். வெட்டிய பிறகு உடலையும் உறுப்புகளையும் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் அழிக்க வேண்டும். நல்லதற்கு மட்டுமே முத்திரை. ஆலை சுத்தமாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரின் சம்பளத்தை ஆலை முதலாளி கொடுப்பதில்லை. சர்க்காரே கொடுக்கும்.

பண்ணையிலேயே தன் விலங்கை வெட்டும் விவசாயிக்கும், சில்லரைக் கசாப்புக்காரருக்கும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பண்ணைக்குப் பண்ணை இன்ஸ்பெக்டரை நிறுத்துவது நடக்கிற காரியமா? மேலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பவரை வாங்குகிறவருக்குத் தெரியும். அவருடைய கொட்டிலும் தெரியும், கத்தியும் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் டின் இறைச்சியைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

கோழிக்கு வந்த சட்டம்

1906-ம் ஆண்டுச் சட்டத்தில் கோழி இல்லை. அன்று கோழி என்றால் பெரும்பாலும் பண்ணை முற்றத்தில் மேய்வதுதான். காலம் மாறியது. கோழியும் ஆலைக்குள் புகுந்தது. 1957-ம் ஆண்டு கோழி இறைச்சிக்கும் சோதனைச் சட்டம் வந்தது.

1967-ம் ஆண்டு டிசம்பர் மாதம், மாநிலத்துக்குள்ளேயே விற்கும் இறைச்சிக்கும் அதே தரம் வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. பண்ணையில் வெட்டி விற்க இருந்த பழைய விலக்கு சுருங்கியது. தான் வளர்த்த மாட்டையோ பன்றியையோ வீட்டாரும் விருந்தினரும் உண்ண வெட்டலாம். விற்பதென்றால் சோதனை வேண்டும். ஜனாதிபதி ஜான்சன் அதில் கையெழுத்திட்டபோது வெள்ளை மாளிகையில் ஒரு முதியவர் இருந்தார். அவர்தான் 89 வயது சிங்ளேர்!

கோழி வளர்க்கும் சிறு பண்ணைக்கு மட்டும் இன்றும் வழி உண்டு. சொந்தமாக வளர்த்த கோழிகளை, ஆண்டுக்கு 1,000-க்கு மேல் போகாமல், தன் பண்ணையிலேயே வெட்டித் தன் மாநிலத்துக்குள் விற்கலாம். ஒவ்வொரு கோழியையும் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சுத்தத்துக்கு விலக்கு இல்லை. கெட்ட இறைச்சியை விற்றால் சிறு பண்ணை என்று சட்டம் விட்டுவிடாது. நோய்க்கிருமிக்குச் சின்னவர், பெரியவர் என்ற பேதம் ஏது?

ஆறாத மனக்குறை

இவ்வளவு நடந்தும் சிங்ளேருக்கு ஒரு குறை இருந்தது. அவர் எழுதியது தொழிலாளிக்காக. விரலை இழந்தவன், குளிரில் நோயுற்றவன், கூலி இல்லாமல் துரத்தப்பட்டவன், இவர்களுக்காக மக்கள் கண்ணீர் விடுவார்கள் என்று நம்பினார். மக்களோ தங்கள் வயிற்றை நினைத்துப் பயந்தார்கள். இறைச்சிக்குச் சட்டம் வந்தது. அதை வெட்டியவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. பெரிய முதலாளிகளுக்கோ சர்க்கார் முத்திரையே விளம்பரமாகிவிட்டது!

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 90-க்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். 1934-ம் ஆண்டு, வறுமையை ஒழிப்பேன் என்று கூறி கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். 1943-ம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். 1968-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

இறைச்சிப் பொட்டலத்தில் உள்ள வட்ட முத்திரையை அமெரிக்கர்கள் இன்றும் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது சோதித்த இறைச்சி என்று அந்த முத்திரை சொல்லும். அதை வெட்டிய தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று அது சொல்லாது. சிங்ளேர் முதலில் கேட்டது அதைத்தான்.